பென்சிலில் எழுதிய விடைகள்

இன்று பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வைக்கு நின்றேன். முன்வரிசையில் ஒரு பிள்ளை புள்ளிவிபரவியல் வினாத்தாளை வாங்கியதும் வாங்காததுமாகப் பென்சில் சீவத் தொடங்கினாள். அந்த மரவாசம் மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய். டெங்குக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு, இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் வருவதுதான் உன் வழக்கம்.

கம்பஸ் நாட்களில் வெள்ளவத்தையில் வாடகைக்கு எடுத்த எனெக்ஸில் நாம் இருவரும் ஒரே அறை. பொருளியல் கட்டுரை என்றால் எடுத்த பேனையைக் கீழே வைக்கமாட்டாய். கணக்குக்கு மட்டும் பென்சில். பள்ளிக்கூடத்தில் ஒரு ரீச்சர் வகுப்புக்கு முன்னால் நிற்பாட்டி, "உன்ரை மண்டைக்குள்ள கணக்கு ஏறாது" என்றாராம். அதைச் சிரித்துக்கொண்டுதான் சொல்வாய். ஆனால் முழுதாக நம்பியும் இருந்தாய். எனக்கு அந்த ரீச்சர் மேல் இன்றைக்கும் கோபம். எனக்கு விளங்காத கணக்குகளையெல்லாம் நீதானே விளங்கப்படுத்தினாய்? விளங்கப்படுத்திவிட்டு, எதற்கும் வேறு யாரிடமாவது கேட்டுப்பார் என்பாய்.

பொருளியலில் சிறப்புப் பட்டம் செய்யப் புள்ளிவிபரவியலில் சித்தியடைய வேண்டும். நீ மனதார ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான். பரீட்சையன்று எல்லாக் கணக்கையும் பென்சிலில் செய்தாய், சரிபார்த்த பிறகு பேனையால் எழுதலாமென்று. சரிபார்த்துச் சரிபார்த்தே நேரம் முடிந்தது. பென்சில் விடைக்குப் புள்ளி இல்லை என்பது விதி. நீ சித்தியடையவில்லை.

விரிவுரையாளர் உன்னைக் கூப்பிட்டு, பென்சிலில் இருந்தவை எல்லாம் சரி, இன்னொரு முறை எழுதினால் கட்டாயம் பாஸ் என்றார். நானும் பக்கத்தில் நின்றேன். வெளியே வந்ததும் நீ சொன்னாய்:

"ஏதோ குருட்டுவாக்கில சரி வந்திருக்கும். திரும்பவும் போய் ஏன் அவமானப்படோணும்?"

நீ திரும்ப எழுதவே இல்லை. அந்தப் பாடம் தேவைப்படாத பொதுப் பட்டத்தை முடித்துக்கொண்டு கொள்ளுப்பிட்டியில் ஒரு அலுவலகத்தில் சேர்ந்தாய். பொருளியல் பக்கம் பிறகு தலைவைத்தும் படுக்கவில்லை.

என்னிடம் படிக்கும் பிள்ளைகளிலும் உன்னைப் போன்றவர்கள் இருக்கிறார்கள். பிழை வந்தால் தங்கள் மண்டை, சரி வந்தால் அதிர்ஷ்டம். அப்படி யாராவது சொன்னால் நான் விடுவதில்லை; கதிரையை இழுத்துப் போட்டு, "அப்ப இன்னொருக்காச் செய்து காட்டும்" என்கிறேன். செய்கிறார்கள். மறுபடியும் சரி வருகிறது. அந்த நேரம் அவர்கள் முகத்தில் வருகிற வெளிச்சத்தை உன் முகத்தில் நான் ஒருநாளும் காணவில்லை.