கயிறு பிடித்த கை

அன்புள்ள மருமகனுக்கு,

உன் மாமன் மலைபோல் நலம். பட்டறையில் விரலை அறுத்துக்கொள்ளாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். போன வாரம் ஒரு கரடி எதிரே வந்தது. நான் முறைத்த முறைப்பில் மன்னிப்புக் கேட்காத குறையாகத் திரும்பிப் போனது. "கரடிக்கே உன் அளப்பு தாங்கலை அண்ணா" என்கிறாள் உன் அம்மா.

விஷயத்துக்கு வருகிறேன். மழைக்கு முன்னால் வனத்துறை அதிகாரி ஒரு காகிதத்தோடு வந்தார். எனக்கு மட்டும் நாற்காலி போட்டார். "தலைவரே" என்றார். ஐந்தாம் வகுப்பை முக்கால்வாசி முடித்தவன் இங்கே நான் ஒருவன்தானே! பாதியைப் படித்தேன், மீதியை அவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டேன். தேனெடுக்க அனுமதி என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன். நம் சபையில் முப்பத்திரண்டு வீடும் தலையசைத்தால்தான் எதுவும் நடக்கும். அன்று நான் ஒருவனே முப்பத்திரண்டு வீடாகிவிட்டேன்.

நாம் கயிற்றில் தொங்கித் தேனெடுக்கும் தேன்பாறையை நாமே வனத்துறைக்கு விட்டுக்கொடுத்ததாக அதில் எழுதியிருந்தது பிறகுதான் தெரிந்தது. சபை கூடியது. யாரும் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. அன்றிலிருந்து முப்பது நாளுக்குள் நானே வனத்துறை ஆபீசுக்குப் போய், படிக்கத் தெரியாமல் போட்டேன், சபை ஒப்பவில்லை என்று சொன்னால் காகிதம் செல்லாதாம். "அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிட்டு வந்துடு மச்சான்" என்று உன் அப்பா வழியனுப்பினார்.

இருபத்தொன்பது நாள் சாக்குச் சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்து, மேஜையில் ஓங்கி அடித்தேன், அதிகாரி நடுங்கிப்போய்க் காகிதத்தைக் கிழித்தார் என்றேன். வீட்டுக்கு வீடு சிரிப்பு.

உனக்கு மட்டும் எழுதுகிறேன். அங்கே அவர் எழுந்து நின்று "வாங்க தலைவரே" என்றார். எனக்குப் படிக்கத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன். அதுதான் கடைசி நாள்.

இங்கே எல்லோரும் தேனெடுக்கக் கயிறு திரிக்கிறார்கள். பாறைக்குக் கீழே, இறங்குகிறவரைப் பிடிக்க வனக்காவலர்கள் கூடாரம் போட்டிருக்கிறார்கள். நம் பாதுகாப்புக்கு வந்தவர்கள் என்று சொல்லிவைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை உன் அப்பா பாறையில் இறங்குகிறார்.

தங்கை தாலிக்குப் பயந்து பிடிப்பான் என்றுதான் இறங்குகிறவரின் மச்சான் கையில் கயிற்றைக் கொடுப்பார்கள். இருபது வருடம் பிடித்தேன். ஒருமுறைகூட நழுவவிட்டதில்லை, இது அளப்பு இல்லை.

வெள்ளிக்கு முன் வந்துவிடு ராசா. காகிதம் கிழியவில்லை என்று நீ சொன்னால் நம்புவார்கள். கயிற்றை இனி வேறு கையில் கொடுக்கச் சொல்.

எதையும் முழுதாகப் படித்துக் கையெழுத்துப் போட்டு, நூறு வயது இரு.

உன் மாமன்