கொன்றது அக்கா இல்லை

வக்கீல் கோட்டுகளின் கறையை எல்லாம் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போன என் மச்சானுக்கு,

நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிவிட்டது. சின்னவள் இப்போது சுவரைப் பிடிக்காமல் நடக்கிறாள். அக்கா அப்பளம் போடும் வேலைக்குப் போகிறாள். நான் கெமிஸ்ட்ரி டிகிரியை வைத்துக்கொண்டு வேலைவாய்ப்பு அலுவலகத்து வரிசையில் நிற்கிறேன். நலமா என்று கேட்க வாய் வரவில்லை. ஒன்றைச் சொல்லியாக வேண்டும், அதற்காகத்தான் எழுதுகிறேன். உங்களிடம் சொல்வதை நாலு பேர் படித்தாலும் நல்லதுதான்.

உங்களைக் கொன்றது அக்கா என்று சொந்தபந்தம் முழுக்கப் பேசுகிறது. அக்காவும் அப்படியேதான் நம்பினாள். அது பொய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன் மச்சான்.

முதல் தடவை உங்கள் கண் மஞ்சளானது ஒரு வைகாசியில். முகூர்த்தம் மேல் முகூர்த்தமாக வந்து, நீங்கள் வேலை பார்த்த தல்லாகுளத்து டிரை கிளீனிங் கடையின் பின் அறையில் பட்டுச் சேலைகள் மலையாகக் கிடந்த மாதம். அந்த அறையின் கதவைத் திறக்கவே விடமாட்டார் முதலாளி. திறந்தால் தூசி வரும், கறை எடுக்கிற மருந்து ஆவியாகிவிடும். துணிக்குத்தான் அங்கே எத்தனை பாதுகாப்பு! காமாலை என்றதும் அவர் சிரித்துக்கொண்டே லீவு கொடுத்தார். "கோட்டக் கழுவுற மாதிரி ஈரலையும் ஒரு கழுவு கழுவிட்டு வாப்பா" என்றார்.

வாடிப்பட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கும் வைத்தியரிடம் உங்களைக் கூட்டிப் போனது நான்தான். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து, மூன்று நாள் வெறும் வயிற்றில் கொடுத்தார். காசை நீட்டினால் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார். அவர் மேல் கோபப்படக்கூட எனக்கு வழியில்லை. உப்பு, புளி, எண்ணெய், கவிச்சி எதுவும் கூடாது, வேலைக்குப் போகாமல் படுத்திருக்க வேண்டும் என்றார். அக்கா உப்பில்லாத சோற்றைக் கரைத்துக் கரைத்துக் கொடுத்தாள். பதினைந்து நாளில் கண் வெளுத்தது.

"மாப்ள, இதெல்லாம் ஒன் காலேசுல சொல்லித் தரமாட்டாய்ங்கடா" என்று என் முதுகில் அடித்தீர்கள். நானும் சிரித்தேன்.

இரண்டாம் தடவையும் அப்படித்தான். மருந்து, பத்தியம், படுக்கை, குணம், மறுபடி அதே அறை. மருந்து கேட்கிறது என்று தெருவுக்கே சொன்னீர்கள்.

மூன்றாம் தடவை வந்தது தீபாவளிக்கு முன்னால். கண் மஞ்சளான பிறகும் இரண்டு வாரம் வேலைக்குப் போனீர்கள். வேண்டாம் என்று அக்கா அழுதாள். "சும்மா கெடடி, தீபாவளித் துணி போகட்டும். மூணு வேள குடிச்சா அம்புட்டும் வெளிய வந்துரும்" என்றீர்கள். ரெண்டு தடவை தப்பித்த தைரியம். அந்தத் தைரியத்தை உங்களுக்குக் கொடுத்தது நாங்கள் எல்லோரும் சேர்ந்துதானே?

துணியெல்லாம் போன பிறகுதான் மருந்தைக் குடித்துவிட்டுப் படுத்தீர்கள். பத்தியத்தின் ஆறாம் நாள் கருவாட்டுக் குழம்பு கேட்டீர்கள். "தொண்டைக்குள்ள எறங்கலடி. ஒரே ஒரு துண்டு." அக்கா ஒரு துண்டு வைத்தாள். எட்டாம் நாள் நீங்கள் அவளையே யாரென்று கேட்டீர்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, "குடிப்பாரா?" என்றுதான். மதுவிலக்குக் காலத்திலும் ஏழைக்கு ஈரல் கெட்டால் சாராயத்தைத்தான் தேடுகிறார்கள். நீங்கள் சோடாவைத் தவிர வேறு பாட்டிலைத் தொட்டதில்லை என்றேன். என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். என்ன மருந்து போட்டுத் துடைப்பார் என்று கேட்டார். அதையும் சொன்னேன். அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"ஒடம்புக்குள்ள வர்ற விஷத்தக் கழுவுற எடமே கல்லீரல்தான் தம்பி. அதப் போய்க் கழுவுறதுக்குத் தனியா ஒரு சாறு கெடையாது. விஷம் உள்ள போறத நிறுத்தினா, தாங்குற அளவுக்கு அதுவே தேறிக்கும். ரெண்டு தடவ அவரு வீட்ல படுத்திருந்தாரில்ல, அதுலதான் தேறிருக்காரு. பேரு மருந்துக்குப் போயிருச்சு."

கருவாடு தின்றதைச் சொன்னேன். "அது என்ன பண்ணும், பாவம்" என்றார்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் நீங்கள் இல்லை.

உங்களைத் தூக்குவதற்கு முன்னால் உங்கள் பெரியம்மா நடுவீட்டில் நின்று கத்தினார். "கவிச்சியப் போட்டுக் கொன்னுட்டாளே! மகராசன் ரெண்டு தடவ பொழச்சவனாச்சே!" அக்கா தலையில் அடித்துக்கொண்டு ஆமாம் ஆமாம் என்றாள். நான் இரண்டடி தள்ளித்தான் நின்றேன். டாக்டர் சொன்னதை வெளியே சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை தெரியுமா? கடையில் கறை எடுக்கிற மருந்து டின்னில் ஒட்டியிருந்த பெயரை நான் முன்பே படித்திருக்கிறேன். உங்களுக்குச் சோறு கொண்டுவந்தபோது ஒரு நாள் பார்த்தேன். கார்பன் டெட்ரா குளோரைடு. எங்கள் காலேஜ் லேபில் அதைச் சொட்டுக் கணக்கில் எடுப்போம். அதற்கே ஜன்னல் பக்கம் போய் நில்லுங்கடா என்று வாத்தியார் விரட்டுவார். உங்கள் அறையில் ஜன்னலே இல்லை. பார்த்தேன், தூக்குவாளியை வைத்தேன், வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்த டின்னையும் உங்கள் மஞ்சள் கண்ணையும் சேர்த்து யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. டாக்டர் சொன்னதை வெளியே சொன்னால் இதையும் சொல்ல வேண்டும். பழி அக்கா மேல் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இதைவிடக் கேவலமாக ஒருவன் இருக்க முடியுமா?

போன ஞாயிற்றுக்கிழமை கருப்பையா அண்ணன் வீட்டுக்கு வந்தார். உங்கள் கடையின் முன்பக்கம் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாரே, அவரேதான். உங்கள் இடத்தில் இப்போது அவர். கண்ணைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"தங்கச்சி, மாப்ளைக்கு ரெண்டு தடவ கேட்டுச்சே, அந்தப் பத்தியத்த வெவரமாச் சொல்லு. நான் தப்பில்லாம இருந்துக்கிறேன்" என்றார்.

அக்கா முந்தானையைச் சொருகிக்கொண்டு உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். எந்த அரிசி, எத்தனை தண்ணீர், மோர் எப்படிக் கடைய வேண்டும், ஒன்று விடாமல். கடைசியில், "எம்புட்டுக் கெஞ்சினாலும் கவிச்சி மட்டும் குடுக்க வேணாம்னு மதினிகிட்டச் சொல்லுங்கண்ணே. நான் பண்ணுன பாவத்த அவுக பண்ண வேணாம்" என்றாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை மச்சான். எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் சொன்னது, டின், லேப் ஜன்னல், எல்லாம்.

அக்கா என்னையே பார்த்தாள். "அஞ்சு மாசமாடா?" என்றாள். "அஞ்சு மாசமா நான் சோத்துல கை வைக்கிறப்பெல்லாம் அழுதத நீ பாத்துக்கிட்டுத்தான இருந்த?" எழுந்து உள்ளே போய்விட்டாள்.

கருப்பையா அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். "சரி தம்பி, நீ படிச்சவன், சொல்றது நெசமாத்தேன் இருக்கும். திங்கக்கெழம நான் எங்க போறது? அதையும் சொல்லு" என்றார்.

தொண்டை கிழிய நியாயம் பேசுகிற எனக்கு, நாலு பிள்ளை பெற்ற ஒரு மனிதரைத் திங்கட்கிழமை எங்கே அனுப்புவது என்று தெரியவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு வாங்க, நானும் வாரேன் என்று மட்டும் சொன்னேன். மறுநாள் வந்தார். இப்போது வார்டில் படுத்திருக்கிறார். ஆள் வராவிட்டால் வேறு ஆளைப் போடுவேன் என்று முதலாளி சொல்லி அனுப்பியிருக்கிறார்.

அந்த அறைக்கு ஜன்னல் வைக்கச் சொல்லி, மருந்தை மாற்றச் சொல்லித் தொழிலாளர் ஆபீசுக்கு மனு எழுதினேன். யார் சார்பில் என்று குமாஸ்தா கேட்டார். கருப்பையா அண்ணன் கையெழுத்துப் போடப் பயப்படுகிறார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்த அக்கா காகிதத்தைப் பிடுங்கி, நாலாவது வரை படித்த எழுத்தில் தன் பெயரை எழுதினாள். அப்புறம்தான் முதல் தடவையாக என்னிடம் கேட்டாள்.

"கருவாட்டப் பத்தி அந்த டாக்டரு என்ன சொன்னாரு? அப்படியே சொல்லு."

அது என்ன பண்ணும், பாவம் என்று சொன்னார் அக்கா, என்றேன். திரும்பச் சொல்லச் சொன்னாள். மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள். நேற்றும் கேட்டாள். நம்புகிறாளா, என்னைத் தண்டிக்கிறாளா, தெரியவில்லை.

அந்தச் சுவரில் ஜன்னல் வரும்வரை ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்குவேன் மச்சான், இது சத்தியம். அக்கா கேட்கிற ஒவ்வொரு தடவையும், அவள் ஆயுசு முழுக்கக் கேட்டாலும், சலிக்காமல் சொல்வேன். இதுவும் சத்தியம்.

உங்களை வாடிப்பட்டிக்குக் கூட்டிப் போன
உங்கள் மாப்ள