கராமாராணி விட்ட நான்கு வரிகள்

லாத்தா,

இன்று காலை பாலை அடுப்பில் வைப்பதற்கு முன்பே மடிக்கணினியைத் திறந்துவிட்டேன். முகம்கூடக் கழுவவில்லை. நீங்கள் பார்த்திருந்தால், "பல்லு வெளக்காம அமெரிக்காவுக்குப் போறியா புள்ள?" என்று கேட்டிருப்பீர்கள்.

காரணம் உங்கள் வீட்டுக்காரர், பாய்தான். நேற்று மாலை லிஃப்டில் பார்த்தேன். சூட்கேஸ் கடையிலிருந்து வந்துகொண்டிருந்தார், கையில் குப்பூஸ் ரொட்டிப் பொட்டலம். எங்கள் தளம் வருவதற்குள், "தங்கச்சி, அவ அந்த அமெரிக்காக்காரங்க கடுதாசியெல்லாம் டைப் அடிச்சாள்ல, அதப் பிரின்ட் எடுத்துத் தருவியாம்மா? ஒரு தடவ படிச்சுப் பாக்கணும்" என்றார். உங்கள் பொருட்களில் அவர் கேட்ட முதல் பொருள் அதுதான் என்று நினைக்கிறேன். நகைகளை மருமகள் ஊருக்கு வந்து வாங்கிப்போனபோதுகூட அவர் எட்டிப் பார்க்கவில்லை.

ஆகவே காலையில் அந்த இணையதளத்துக்குள் போய், அங்கே நீங்கள் வைத்துக்கொண்ட பெயரைத் தட்டினேன்: துபாயில் நாம் இருக்கும் கராமா பகுதிக்கே ராணி, கராமாராணி. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நீங்கள் பட்ட பெருமை! நீங்கள் தட்டச்சு செய்த பக்கங்கள் வரிசையாக வந்து நின்றன. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் பச்சைக் குறி. ஒன்றே ஒன்றில் மட்டும் மஞ்சள், "சரிபார்ப்புக்குக் காத்திருக்கிறது" என்று. அது எந்தப் பக்கம் என்று திறந்து பார்க்க வேண்டிய அவசியமே எனக்கு இல்லை.

பால் வைக்க மறந்தே போனேன். மகள் கறுப்புத் தேநீரோடு முகத்தைச் சுளித்துக்கொண்டு பள்ளி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறாள். இதையெல்லாம் ஆரம்பித்து வைத்தவளே அவள்தானே. பள்ளியில் சமூக சேவைக்கு இத்தனை மணி நேரம் காட்ட வேண்டும் என்றார்கள். வெயிலில் கடற்கரையைச் சுத்தம் செய்வதற்குப் பதிலாக, ஏசியில் உட்கார்ந்து செய்யக்கூடிய சேவை எது என்று தேடி இதைக் கண்டுபிடித்தாள். அமெரிக்காவில் ஏதோ ஒரு காப்பகத்தில் சாதாரண ஜனங்களின் பழைய கடிதங்களைப் பெட்டி பெட்டியாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். படம் எடுத்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். உலகத்தில் யார் வேண்டுமானாலும் படித்துத் தட்டச்சு செய்து கொடுக்கலாம். முதல் கடிதத்தைத் திறந்ததும் மகள், "மம்மி, இது இங்கிலீஷே இல்ல" என்று அலறினாள். எட்டிப் பார்த்தேன். கூட்டெழுத்து. நாலு கோடு நோட்டில் விரல் வலிக்க வலிக்க நாம் எழுதிய அதே எழுத்து.

அந்த நேரத்தில்தான் தொதல் இனிப்புக் கிண்ணத்தோடு எதிர்வீட்டிலிருந்து நீங்கள் உள்ளே வந்தீர்கள். கண்ணாடியை மூக்கில் இறக்கி, "அன்புள்ள அக்கா, நீ அனுப்பின பூட்ஸு ஒரு சைஸு சின்னது" என்று கடிதத்தைத் தமிழில் வாசித்தீர்கள், மீன் கடைக்காரர் விலை சொல்வதுபோல அவ்வளவு இயல்பாக. மகள் வாயைப் பிளந்தாள்.

"இதுல மந்திரி, ராணுவ அதிகாரி, அப்படி யாருமில்லையா?" என்று கேட்டீர்கள்.

"இல்ல லாத்தா, சும்மா சனங்கதான். விவசாயி, தையக்காரி, ரயில் ரோடு போடுறவரு..."

"அப்ப நம்ம ஆளுங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டீர்கள். மகளுக்கு வேண்டிய மணி நேரமெல்லாம் அந்த மாதத்திலேயே முடிந்துவிட்டது. நமக்குத்தான் முடியவில்லை.

அந்த அக்காவுக்கு வந்த கடிதங்களின் அடியில் வெறும் "எம்" என்றுதான் கையெழுத்து. மல்லிகா என்று நான் சொன்னேன். மைமூன் என்று நீங்கள் சொன்னீர்கள். கடைசியில் மைமூன்தான் நிலைத்தது, வழக்கம்போல. நூறு வருடத்துக்கு முன்னால், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வயலும் பனியுமாக இருக்கிற ஓர் ஊரில் ஒற்றை வீடு. கணவர் தண்டவாளம் போடும் வேலைக்குப் போய்விட்டார். இவள் கோழிகளோடு இருந்துகொண்டு அக்காவுக்குக் கடிதம் எழுதுகிறாள். "இவ மாப்பிள்ளையும் லேபர் கேம்ப்லதான் கிடக்கான். லீவு எப்பக் கிடைக்கும்னு ஒரு எடத்துலயாவது கேட்டிருக்காளா பாரு" என்று நீங்கள் தேடியது நினைவிருக்கிறது. மூன்றாம் மாடியில் குடியிருக்கிற யாரையோ பற்றித்தான் நாம் பேசுகிறோம் என்று என் கணவர் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தார். ஒருநாள், "பாவம் அந்த மைமூன், அவங்க வீட்டு அடுப்பு சரியாயிடுச்சா?" என்று கேட்டாரே!

வேலையில் நீங்கள் என்னைவிடக் கறார். மைமூனுக்கு எழுத்துப்பிழை அதிகம். நான் பழக்கதோஷத்தில் திருத்திவிடுவேன். நீங்கள் மறுபடியும் பிழையாக்குவீர்கள். "அவ அப்படித்தான் எழுதினா. திருத்த நீ யாரு, பரிச்சை பேப்பரா இது?" என்பீர்கள். அவள் பன்றிக்கொழுப்பில் ரொட்டி சுட்ட கதை வந்தபோது, உங்களுக்குச் சங்கடமாக இருக்குமோ என்று, "நான் அடிக்கட்டுமா லாத்தா?" என்று கேட்டேன். "டைப் பண்ணலாம், திங்கத்தான் கூடாது" என்று முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு முழுப் பத்தியையும் அடித்து முடித்தீர்கள். ஒரு காற்புள்ளிகூடக் குறையவில்லை.

அப்படிப்பட்ட நீங்கள்தான் அந்த நான்கு வரிகளை விட்டீர்கள்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. பாய் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார். உங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நீங்கள் வாசிக்க, நான் தேநீரில் ரஸ்க்கை நனைத்துக்கொண்டிருந்தேன். பாதிப் பக்கத்தில் குரல் நின்றது. உள்ளங்கையால் திரையை மூடினீர்கள்.

"நீ படிக்காத."

நான் ஏற்கெனவே படித்துவிட்டிருந்தேன். மைமூன் எழுதியிருந்தது இதுதான்: "அவர் இல்லாத இந்தக் குளிர்காலத்தில் நான் சந்தோஷமாக இருக்கிறேன், சொல்லவே வெட்கமாக இருக்கிறது. பசித்தபோது சாப்பிடுகிறேன், கட்டிலின் நடுவில் படுக்கிறேன். கோழிகளுக்கு உரக்கப் பாட்டுப் பாடிக் காட்டுகிறேன். அம்மாவிடம் சொல்லிவிடாதே, படித்ததும் இதை எரித்துவிடு."

நீங்கள் கையை எடுத்தீர்கள். அந்த இடத்தில் "வாசிக்க இயலவில்லை" என்ற குறியைப் போட்டீர்கள்.

"லாத்தா! எழுத்து அச்சு மாதிரி இருக்கு."

"எனக்குத் தெரியல. கண்ணு மங்கிப் போச்சு."

"நேத்துதான ஊசியில நூல் கோத்தீங்க?"

"அது ஊசி" என்றீர்கள்.

சிரிப்பு வந்தாலும் எனக்குக் கோபமும் வந்தது. இதுவரை அவள் எழுதியதெல்லாம் கோழி, பனி, பூட்ஸ். இப்போதுதான் நிஜமாக ஏதோ சொல்லியிருக்கிறாள், அதை எப்படி மறைக்கலாம் என்று கேட்டேன். படம் அங்கேயேதான் இருக்கிறது, படிக்கத் தெரிந்தவர்கள் எப்படியும் படிப்பார்கள் என்றும் சொன்னேன். "எரிச்சிருன்னு சொல்லிருக்கா. அவ அக்காக்காரி எரிக்கல. ஆபீஸ்காரன் எரிக்கல. நானாவது எரிச்சிட்டுப் போறேன்" என்றீர்கள்.

பிறகுதான், ஆறிப்போன தேநீரைக் குடித்தபடி, எனக்குத் தெரியாத ஒரு கதையைச் சொன்னீர்கள். கல்யாணமாகி ஒரே மாதத்தில் பாய் துபாய்க்குக் கப்பலேற, கீழக்கரையில் தெருவுக்கே நீங்கள் கடிதம் எழுதிக் கொடுப்பவராக ஆனதை. உங்கள் ஆங்கிலக் கையெழுத்து அழகு என்பதால், தபால் பெட்டி எண் போட்டு உறை எழுத வந்தவர்கள் மெல்ல மெல்ல உள்ளே இருப்பதையும் எழுதச் சொன்னார்கள். ஒருத்தி குவைத்தில் ஃபஹாஹீலில் இருந்த கணவனுக்கு, "சீக்கிரம் வாங்கன்னு எழுது" என்றாளாம். எழுதி முடித்ததும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேணாம், அத அடிச்சிரு, மெல்ல வரட்டும்" என்றாளாம். அதைச் சொல்லும்போது மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தீர்கள்.

"நாங்கல்லாம் அழுதுக்கிட்டே கெடந்தோம்னு நெனச்சியா? மொத மாசம் அழுதேன், இல்லேங்கல. அப்பறம்? காலைல எந்திரிச்சா வீடு எனக்கு. மத்தியானம் கேரம் போர்டு. தெருவுக்கே நாந்தான் சாம்பியன், தெரியுமா? செவப்புக் காய நான் விட்டதே கெடையாது."

"பாய்க்குத் தெரியுமா?"

உங்கள் முகம் மாறியது. "யாரு சொல்லுவா? எழுதிக் குடுக்குறவ வாயத் தச்சுக்கணும். அவுக இங்க ஒரே ரூம்ல பன்னெண்டு பேரோட, வெயில்ல மூட்ட தூக்கிக்கிட்டு நிக்கையில, நான் கேரம் ஆடுறேன்னு தெரிஞ்சா மனசு என்ன பாடுபடும்? மைமூன் மாப்பிள்ளைக்கும் அதே மனசுதான."

"அவரு செத்து எத்தனையோ வருஷம் ஆச்சு லாத்தா."

"செத்தவனுக்கு நோகாதா?"

அதற்குள் பாய் தொழுகை முடிந்து வந்துவிட்டார். நீங்கள் மடிக்கணினியை மூடிவிட்டு நெய்ச்சோறு எடுத்து வைக்கப் போனீர்கள். அதன் பிறகு வாரத்துக்கு ஒரு தடவையாவது அந்தச் சண்டையைத் தொடர்ந்தோம். லிஃப்டில், லுலு கடையில் வெங்காயம் பொறுக்கும்போது, ஒருமுறை மெட்ரோவில். முன்னால் உட்கார்ந்திருந்த பிலிப்பினோ பெண் நாம் நிஜமாகவே அடித்துக்கொள்கிறோம் என்று பயந்து எழுந்து போனாள். போன நோன்புக்கு முன்னால் நீங்கள் ஊருக்குக் கிளம்பினபோதும், "வந்து பேசிக்கிறேன், இன்னும் முடியல" என்றுதான் டாக்ஸியில் ஏறினீர்கள். பத்து நாள் விடுப்புக்குப் போகிற மாதிரி ஒரே ஒரு பெட்டி. அங்கேயே, உங்கள் வீட்டிலேயே, தூக்கத்தில் போய்விட்டீர்கள் என்றார்கள்.

இப்போது அந்தப் பக்கம் என் முன்னால் திறந்திருக்கிறது. எனக்குச் சரிபார்ப்பவர் தகுதி கொடுத்துவிட்டார்கள், அது உங்களுக்குத் தெரியாது. நான்கு வரிகளைச் சேர்த்து ஒப்புதல் கொடுக்கலாம். அப்படியே விட்டும் ஒப்புதல் கொடுக்கலாம். எப்படிக் கொடுத்தாலும் பக்கத்தின் அடியில் கராமாராணி என்றுதான் இருக்கும்; பாய் அதைத்தான் படிக்கப் போகிறார்.

முதலில் விட்டுக்கொடுத்துவிடலாம் என்றுதான் தோன்றியது. லாத்தா ஆசைப்பட்டபடியே இருக்கட்டும் என்று. ஆனால் நீங்கள் எதிரில் உட்கார்ந்திருந்தவரை நான் ஒரு நாளும் விட்டுக்கொடுத்ததில்லை. இல்லாமல் போய்விட்டீர்கள் என்பதற்காக விட்டுக்கொடுத்தால், உங்களைப் பாவம் என்று நினைக்கிற மாதிரி ஆகிவிடும். அது உங்களுக்குக் கட்டோடு பிடிக்காது.

நேற்று லிஃப்டில் பாய் பேசியதை நான் முழுதாகச் சொல்லவில்லை. நம் தளம் வந்து கதவு திறந்த பிறகும் அவர் இறங்கவில்லை. பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"இங்க வந்த புதுசுல ராத்திரி படுத்தா அந்த நெனப்புதாம்மா. அவ அங்க தனியா அழுதுக்கிட்டுக் கெடப்பாளேன்னு. சம்பாரிச்சு என்ன, அவ கண்ணுல தண்ணி வர வச்சுட்டமேன்னு. இப்பவும் அந்த வருஷங்கள நெனச்சா ராத்திரியில எந்திரிச்சு உக்காந்துர்றேன். அவகிட்ட ஒரு வார்த்த கேட்டதில்ல. கேட்டா இன்னும் அழுவான்னு பயந்து கேக்கல."

பார்த்தீர்களா லாத்தா? உங்கள் சிரிப்பு தெரிந்தால் அவர் மனம் நோகும் என்று நீங்கள் வாயைத் தைத்துக்கொண்டீர்கள். அவரோ நீங்கள் அழுவீர்கள் என்று நினைத்து நினைத்தே நொந்துபோயிருக்கிறார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டே இத்தனை காலம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறீர்கள். எனக்கு இதில் அழுகை வரவில்லை, சிரிப்புத்தான் வருகிறது. நீங்களும் சிரித்திருப்பீர்கள், கொஞ்சம் தாமதமாக.

அந்தக் காப்பகத்தில் நான் படித்தவரை, பிரிவில் அழுத பெண்கள் எல்லாப் பெட்டிகளிலும் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் தங்கள் கடிதங்களை எரிக்கச் சொல்லவில்லை. உரக்கப் பாடியவள் இவள் ஒருத்திதான். பிழையைக்கூடத் திருத்தாதே என்று எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு அவளை மட்டும் மூடி வைத்தது நியாயமா? "எரித்துவிடு" என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். படிக்கிறவர்கள் ஒரு நிமிடம் கூச்சப்பட்டுக்கொள்ளட்டும். அந்தக் கூச்சத்தை நீங்கள்தான் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். இப்போதெல்லாம் ஒவ்வொரு கடிதத்தையும் திறக்கும்போது, உள்ளே வரலாமா என்று மனதுக்குள் கேட்டுவிட்டுத்தான் படிக்கிறேன்.

பஸ் வந்துவிட்டது. மகள் கீழேயிருந்து கையசைக்கிறாள். வரிகளை அடித்து முடித்து, நாளை எல்லாப் பக்கங்களையும் அச்செடுத்துவிடுவேன். ஆனால் காகிதத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்துவிடப் போவதில்லை. நான் உங்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவள் இல்லை, எதிர்வீட்டுக்காரி. எனக்கு வாய் உண்டு. பாய் கதவைத் திறந்ததும் உள்ளே போய் உட்காருவேன். "அந்த வருஷமெல்லாம் லாத்தா நல்லாத்தான் இருந்தாங்க பாய், வயிறு வலிக்கச் சிரிச்சிருக்காங்க" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லப் போகிறேன். என் கணவரிடம்கூட இதை இன்னும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லிவிட்டேன், தடுக்க வேண்டுமென்றால் நாளைக்குள் தடுத்துக்கொள்ளுங்கள்.