ஒரு சிரிஞ்சில் பத்துத் துளிகள்

மார்ச் 4

என் ஆய்வுக் கட்டுரையைப் பத்திரிகையில் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். சார் என் மேசைக்கே வந்து சொன்னார். ஆய்வகத் தலைவர் எழுந்து வருவதெல்லாம் லேசில் நடக்கிற காரியமில்லை.

வீட்டில் மகள், "எதைப் பத்திம்மா?" என்றாள். தண்ணீரில் தூள் மாதிரியான கண்ணாடி மணிகளைக் கொஞ்சம் கலந்து, பல உயரங்களிலிருந்து துளித்துளியாகக் கண்ணாடித் தகட்டின் மேல் விழவைத்தோம். வெறும் தண்ணீர் சிதறும், மணி கலந்தது சிதறாமல் பரவும், அதற்கு ஒரு சிட்டிகை மணி போதும் என்றேன். "இதுக்கா மூணு வருஷம்?" என்றாள். வாய் அப்படியே என்னைப்போல்.

மார்ச் 5

ஆய்வகத்தில் முன்பு என்னோடு வேலை பார்த்த அக்காவின் காலி மேசையில் யாரோ குடைகளை வைக்கத் தொடங்கிவிட்டார்கள். எடுக்கச் சொல்லலாமென்று நினைத்தேன். சொல்லவில்லை.

மார்ச் 11

கழுவு தொட்டி அடைத்துக்கொண்டது. துளி விழுந்த தகடுகளைச் சூட்டோடு சூடாகக் கழுவிவிடுவது என் வழக்கம். இன்று வேறு வழியில்லாமல் பத்துத் தகடுகளையும் வரிசையாக ஜன்னலோரம் வைத்தேன். மதியம் பார்த்தால் காய்ந்திருந்தன.

முதல் தகட்டில் மாவு கொட்டினாற்போல் வெள்ளை. இரண்டாவதும் அப்படியே. ஐந்தாவதில் லேசாக ஒரு வளையம். பத்தாவதில் ஒன்றுமேயில்லை. அதன் வழியே தெருவில் சைக்கிள் போவது தெரிந்தது.

பத்தும் ஒரே சிரிஞ்சில் நிரப்பிய தண்ணீர்.

எவ்வளவு மடச்சி நான். சிரிஞ்ச் ஊசி கீழே பார்த்துத் தொங்குகிறது. ஒவ்வொரு துளியின் படமும் கணினியில் ஏற நாலு நிமிஷம். அதற்குள் மணியெல்லாம் அடியில் இறங்கிவிடுகிறது. முதல் சில துளிகள் மொத்தத்தையும் வாரிக்கொண்டு போகின்றன. பிறகு வருவது வெறும் தண்ணீர். நான் எப்போதும் உச்சி உயரத்தில் தொடங்கித் துளிக்குத் துளி இறக்கிக்கொண்டே வருவேன்; சிரிஞ்ச் தாங்கியை ஏற்றுவதைவிட இறக்குவது சுலபம். ஆக, உயரத்திலிருந்து விழுந்தவை மணி அடைத்துக் கூழாக இருந்ததால் சிதறவில்லை. தாழ்வான உயரத்திலிருந்து விழுந்தவை, வெறும் தண்ணீரானாலும் அந்த உயரத்தில் சிதறாது. ஒரு சிட்டிகை போதுமாம்!

இதைத்தானே அக்கா சொன்னாள்.

மார்ச் 12

ஒவ்வொரு துளிக்கு முன்னும் சிரிஞ்சைக் கழற்றிக் குலுக்கி மாட்டினேன். உச்சி உயரம். சிதறியது. மூன்று தடவையும் சிதறியது. மணிகள் தனித்தனியாகத் தெறித்துப் போவதுகூடப் படத்தில் தெரிகிறது. அக்கா டிசம்பரில் காட்டிய அதே படம்.

என்னைவிட எட்டு வயது மூத்தவள். பிள்ளைகள் வளர்ந்தபிறகு வேலைக்கு வந்தவள், ஒரு வருட ஒப்பந்தம். துளிக்குத் துளி குலுக்குவாள் என்பதால் அவளுக்குக் 'குலுக்கி' என்று பட்டப்பெயர். வைத்தது நான்தான்.

கூட்டத்தில் அவள் முடிவும் என் முடிவும் மோதியபோது நான் சொன்னது: "குலுக்கினா காத்துக் குமிழி வரும் சார்." அதோடு நிறுத்தியிருக்கலாம். அது நியாயமான சந்தேகம். "அதோட அக்காவுக்குக் கையும் கொஞ்சம் நடுங்குது."

எங்கே பார்த்தேன் அவள் கை நடுங்கி? ஒருநாளும் பார்த்ததில்லை. வாயில் வந்தது, சொன்னேன். அவள் தன் கையைக் குனிந்து பார்த்தாள். ஜனவரியில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை.

மார்ச் 13

வீட்டில் இவரிடம் சொன்னேன். "யாரு வந்து உன் தகட்டை எண்ணப் போறா? பேசாம இரு," என்றார். எரிந்து விழுந்தேன். நான் கேட்க ஆசைப்பட்டதையே அவர் சொன்னதுதான் கோபம்.

மார்ச் 16

நாளை சாரிடம் சொல்ல வேண்டும்.

மார்ச் 17

சார் ஊரில் இல்லை. நிம்மதியாக இருந்தது. வெட்கமாகவும்.

மார்ச் 20

முதலில் அக்காவிடம் போனேன். மூக்குக் கண்ணாடிக் கடையில் ரசீது எழுதுகிறாள். வெளியே கூட்டிக்கொண்டு வந்து நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மணி இறங்குவது, தகடுகள், எல்லாம். பாதி கேட்கும்போதே தலையாட்டினாள், தெரிந்த கதைபோல.

"சரி. கை நடுங்குதுன்னியே, அது?"

"பொய்க்கா."



"ரெண்டு டாக்டர்கிட்ட போனேன்மா. ஒண்ணுமே இல்லைன்னாங்க. நான்தான் நம்பல. இங்க லென்ஸ் மாட்டுற வேலைதான் முதல்ல குடுத்தாங்க, வேணாம்னுட்டேன். வீட்டுல சுடுதண்ணிகூட அவர்தான் இறக்கி வைக்கிறார்."

"ஏன்க்கா நம்பினே என்னை?"

"உன் கண்ணுக்கு எதுவும் தப்பாதுல்ல. நீ சொன்னா இருக்கும்னு நினைச்சேன்."

திட்டியிருக்கலாம். நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருக்கலாம். "பஸ்ஸுக்கு நேரமாகலையா உனக்கு?" என்று கேட்டாள்.

மார்ச் 21

சாரிடம் சொல்லிவிட்டேன். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"அந்தக் கை விஷயம்?"

"அதுவும் பொய்தான் சார்."

"கொஞ்சம் வெளிய இரும்மா," என்றார். முக்கால் மணி நேரம் நடைவழியில் நின்றேன். பிறகு கதவைத் திறந்து, அக்காவின் போன் நம்பரை மட்டும் கேட்டார்.

ஏப்ரல் 2

குடைகளை எடுத்துவிட்டு அந்த மேசையைத் துடைத்தேன். மறுபடி வேலைக்கு வர அக்கா ஒத்துக்கொண்டாளாம். புதுக் கட்டுரை அவள் பெயரில் வரும். என் பெயர் வேண்டாமென்று நானே சொல்லிவிட்டேன். "சரி," என்றார் சார். வற்புறுத்துவார் என்று உள்ளூர ஒரு நப்பாசை இருந்திருக்கிறது எனக்கு. சீ.

ஏப்ரல் 29

அக்கா வந்தாள். எல்லோரும் எழுந்து நின்றார்கள். யாரும் குலுக்கி என்று கூப்பிடவில்லை. கேமராவைச் சரிபார்த்தாள், தாங்கியின் உயரத்தை இரண்டு தடவை அளக்கச் சொன்னாள். பழைய அக்காவேதான் என்று மனசு கொஞ்சம் லேசாயிற்று.

சிரிஞ்சை நிரப்பி அவளிடம் நீட்டினேன்.

இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

"நீயே குலுக்கும்மா," என்றாள். "நான் பக்கத்துல நின்னு பாத்துக்கறேன்."