கொக்குத்திட்டு நிலையம்: லைன் விடமாட்டேங்குது

செவ்வாய், 06:10

கடல் மட்டம் 1.12 மீட்டர். காத்து தென்கிழக்கு, லேசு. மோடம் வழியா கரை அலுவலகத்துக்கு அனுப்பியாச்சு. அனுப்பி முடிச்சும் மோடம் இணைப்பைத் துண்டிக்கலை, விளக்கு எரிஞ்சுக்கிட்டே கிடந்துச்சு. அணைச்சுப் போட்டேன். சரியாச்சு.

இதைப் படிக்கிறவங்களுக்கு: நான் பெர்க்மான்ஸ். இந்த அலைமானி நிலையத்துக்கு மேனேஜர், கிளார்க், சமையல்காரன் எல்லாம் நானே. தீவுக்கே ஒரே டெலிபோன் லைன். மோடமும் அதுலதான், போனும் அதுலதான். தெற்குக் கரையில கூடாரம் போட்டு ஏழு பேர் ஒரே படகுல மீன் பிடிக்கிறாங்க. அதுல பெரியாள் லிகோரி, என் பெண்டாட்டியோட அண்ணன். புயல் எச்சரிக்கை எனக்குப் போன்ல வரும், நான் அவங்களை வயர்லெஸ்ல கூப்பிடணும். மோடம் லைனைப் பிடிச்சு வெச்சுக்கிட்டா எச்சரிக்கை எப்படி வரும்? அதான் எரிச்சல்.

செவ்வாய், 12:50

மறுபடியும் அதே கூத்து, நாற்பது நிமிஷம். துண்டிக்கிற கட்டளைக்கு முன்னாடி ஒரு விநாடி, பின்னாடி ஒரு விநாடி லைன் அமைதியா இருக்கணும். அப்பதான் மோடம் கேட்கும். எதிர்ப்பக்கம் அந்த ஒரு விநாடியைத் தரவே மாட்டேங்குது, எதையோ அனுப்பிக்கிட்டே இருக்கு. சுவத்துல இருந்து வயரைப் பிடுங்கிட்டு, போனை மாட்டி, கரை அலுவலகத் திலகவதி மேடத்தைப் பிடிச்சேன். நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். அவங்க பன்னிரண்டு ரெண்டுக்கே வெச்சுட்டாங்களாம், அதுக்கப்புறம் எனக்கு யாரோட அரட்டைன்னு கேட்டாங்க.

"உங்க லைன்ல எங்க ஆள் யாரும் இல்ல, பெர்க்மான்ஸ்."

மோடம் வயரைத் திரும்ப சுவத்துல மாட்டினேன். நான் டயல் பண்ணலை. விளக்கு தானா எரியுது.

புதன், 10:15

ஒன்பது ஐம்பதுக்கு, வர்றதை பிரின்டர்ல விட்டுப் பார்த்தேன். எங்க படிவம்தான், எங்க நிலைய எண்தான். பத்து நிமிஷத்துக்கு ஒரு அளவு. ஆமை வேகம், ஒரு வரி வர கால் நிமிஷம் ஆகுது, நடுவுல வெத்து எழுத்தா நிரப்பி அனுப்புது. ஆனா முதல் வரியே இன்னைக்குப் பத்து மணி அளவு. நான் இன்னும் எடுக்காதது. 0.97னு போட்டிருந்துச்சு.

பத்து மணிக்கு அலைமானியைப் பார்த்தேன். 0.97. பத்து பத்துக்கு 0.96. அதுவும் அச்சு அசலா அப்படியே.

பயந்துட்டேன், ஒளிச்சு என்ன ஆகப்போகுது. வயரைப் பிடுங்கிட்டேன்.

வியாழன், 13:05

நேத்துல இருந்து வயரை நாலு தடவை மாட்டிட்டேன். ஒவ்வொரு தடவையும் முதல் வரியில இருந்தே ஆரம்பிக்குது, நானும் நடுவுலயே பிடுங்கிடறேன். இன்னைக்குப் பன்னிரண்டு மணி அளவை அனுப்பிட்டு, வர்றது வரட்டும்னு விட்டேன். நேத்து அளவெல்லாம் ஓடி முடிஞ்சு இன்னைய தேதிக்கு வந்துச்சு.

14:10 - 0.20
14:20 - மைனஸ் 1.90
14:30 - 6.40

நிலையம் நிக்கிற மேடையே மூணரை மீட்டர் உயரம்தான். பிரின்டர் இன்னும் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. நான் நிக்கலை. வயரைப் பிடுங்கி கரைக்குப் போன் போட்டேன். மேடம் சாப்பிடப் போயிருக்காங்களாம். எடுத்தவர் சிரிச்சுட்டு வெச்சுட்டார்.

லிகோரி ஆழக்கடல்ல இருக்கான். வயர்லெஸ்ல கத்தினேன், வலையை அறுத்துப் போட்டுட்டு வான்னு. ஆபத்துன்னா படகு கரைக்கு வரணும், எங்க ஆளுங்களுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

"சரி மச்சான், ரெண்டு மணிக்கு வந்துருவோம். பேட்டரி கம்மி, செட்டை அணைக்கிறேன்."

அப்பாடா. மோடத்தை மறுபடி மாட்டியிருக்கேன்.

வியாழன், 13:55

இந்தத் தடவை கடைசி வரைக்கும் விட்டேன். அளவு முடிஞ்சதும் குறிப்புப் பகுதி வருது:

"அலை கரையிலதான் எழும்பும். ஆழத்துல இருக்கிற படகுக்கு அது தெரியவே தெரியாது. லிகோரியைக் கூப்பிட்டது நான்தான். கூப்பிடாதே. பெர்க்மான்ஸ்."

ரெண்டு நாளா என்கிட்ட இதைச் சொல்லத்தான் லைனை விடாம பிடிச்சிருக்கு. நான் ஒவ்வொரு தடவையும் வாயைப் பொத்தியிருக்கேன். பாவி, பாவி.

வயர்லெஸ்ல இருபது தடவை கூப்பிட்டேன். செட் அணைஞ்சிருக்கு. ஜன்னல்ல படகு தெரியுது. கரைக்கு ஓடப்போறேன்.

வியாழன், 14:22

சட்டையைக் கழட்டி ஆட்டினேன், போ, திரும்பிப் போன்னு. வரவேற்கிறேன்னு நினைச்சு அவனும் துண்டை ஆட்டினான். படகு தரை தட்டினதும் தண்ணி பின்னால போக ஆரம்பிச்சுடுச்சு. தள்ளச் சொன்னேன். ஏழு பேரும் நானும் தள்ளினோம். வெறும் மணல்ல எங்க நகரும்?

இப்ப எல்லாரும் மேடையில, என் பின்னால நிக்கிறாங்க. கடல் கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் காலியா கிடக்கு. லிகோரி என் தோள்ல கை வெச்சு, நல்லவேளை கூப்பிட்ட மச்சான், இதுக்கு நடுவுல மாட்டியிருந்தா என்ன ஆயிருக்கும்ங்கிறான். கை சூடா இருக்கு.

நான் அதே வரிகளை எங்க படிவத்தோட குறிப்புப் பகுதியில தட்டிக்கிட்டு இருக்கேன்.