லோரி கவிழ்ந்தது என்று எழுதிய அப்பாவுக்கு

என் பிரியமான அப்பா,

பாசிர் கூடாங்கில், விசாரணை அதிகாரியின் அறைக்கு வெளியே உட்கார்ந்து கைப்பேசியில் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். எந்த நேரமும் கூப்பிடுவார்கள்.

முந்தாநாள் காலை எங்கள் தொழிற்சாலை பஸ் கவிழ்ந்துவிட்டது. வேலைக்கு வந்த பெண்களில் பலருக்குக் காயம். ஒரு பெண் இன்னும் கண் திறக்கவில்லை. ஓட்டியவர் சேகர் அண்ணன். கால் முறிந்து மருத்துவமனையில் கிடக்கிறார். நான் அங்கே போக்குவரத்துப் பிரிவு கிளார்க் என்பது உங்களுக்குத் தெரியும்தானே?

அன்று மதியமே மேனேஜர் என் மேசைக்கு வந்தார். "மழை, ரோடு வழுக்கல், பஸ் சறுக்கிருச்சு. அவ்ளோதான் லா. அதுக்கு மேல ஒரு வரி வேணாம்" என்றார். பத்திரிகைகளுக்குக் கொடுக்க ஓர் அறிக்கை. ஐந்தே நிமிடத்தில் அடித்துக் கொடுத்துவிட்டேன். இவ்வளவு சரளம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று அப்போது யோசிக்கவில்லை.

நேற்று மாலை உங்கள் ஆல்பத்தை எடுத்தேன். பெக்கோக் பக்கத்துத் தோட்டத்து ஆபீஸில் கிராணியாகக் கணக்கெழுதிக்கொண்டே பத்திரிகைக்கு நீங்கள் எழுதிய செய்திகள், வெட்டி ஒட்டியவை. எத்தனை லோரிகள் அப்பா! லோரி கட்டுப்பாட்டை இழந்தது, லோரி மரத்தில் மோதியது, லோரி கால்வாயில் பாய்ந்தது. ஓரிடத்தில் லோரி தப்பியோடியே விட்டது. இத்தனை கவலையிலும் சிரித்துவிட்டேன். உங்கள் செய்திகளில் லோரிதான் எல்லாம் செய்யும். ஓட்டியவனும் இருக்கமாட்டான், அனுப்பியவனும் இருக்கமாட்டான்.

அப்புறம் அந்தச் செய்தி வந்தது. களை வெட்டும் வெளிக்காட்டு வேலைக்கு ஆட்களை ஏற்றிப்போன தோட்டத்து லோரி கவிழ்ந்து மூன்று பேர் செத்தது. எட்டு வரி. அதிலும் லோரிதான் கவிழ்ந்தது.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் நீங்களே சொன்னீர்கள். "பிரேக் பிடிக்கலன்னு டிரைவர் முனியாண்டி முன்னாடியே சொன்னான்மா. நான்தான் அத ஆபீஸ் புத்தகத்துல எழுதினேன்."

"அப்புறம் ஏம்ப்பா பேப்பர்ல போடல?"

"நாம இருந்தது தோட்டம் குடுத்த வீடு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டீர்கள்.

டிரைவர் முனியாண்டி குடித்துவிட்டு ஓட்டினான் என்று ஊரே பேசியது. நீங்கள் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் அவர் குடும்பம் சொல்லாமல் கொள்ளாமல் எங்கோ போய்விட்டது. உங்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது. செத்துப்போன அப்பா மேல் இப்படிக் கோபப்படலாமா? எனக்கும் வீட்டுக் கடன் இருக்கிறது, படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. புரிந்ததுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

இன்று காலை சேகர் அண்ணனைப் பார்க்கப் போனேன். அவர் வேகமாக ஓட்டினார் என்று தொழிற்சாலையில் அதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அவர் என்னைத் திட்டவில்லை. "தங்கச்சி, டயர் தேஞ்சு போச்சுன்னு மூணு தடவ எழுதிக் குடுத்தேனே. அந்தப் பேப்பர் இருக்குல்ல?" என்று மட்டும் கேட்டார்.

இருக்கிறது அப்பா. மூன்றும் இப்போது என் கைப்பையில் இருக்கின்றன. முதல் தாளை மேனேஜரிடம் காட்டினேன். "அடுத்த மாசம் பாக்கலாம்" என்றார். மற்ற இரண்டையும் காட்டவே இல்லை. அவர் முகம் சுளிப்பாரே என்று ஃபைலில் போட்டு மூடிவிட்டேன். விபத்து நடந்த அந்த வாரம் பஸ் ஓடலாம் என்ற ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

மேனேஜர் மூன்று முறை அழைத்துவிட்டார். நான் எடுக்கவில்லை.

கதவு திறக்கிறது. என் பெயரைத்தான் சொல்கிறார்கள். பஸ் சறுக்கியது என்று நான் சொல்லப்போவதில்லை அப்பா, இது சத்தியம். தெரிந்தும் ஓடவிட்டவர்களின் பெயர்களைச் சொல்வேன். முதல் பெயர் என்னுடையதாக இருக்கும்.

உங்கள் மூத்த மகள்,
கமலா