பெயருக்காகப் பிடித்த மீன்

மஸ்கெலியா,
1936 மே.

அன்புள்ள மனைவி சவரியம்மாளுக்கு,

மாதா தயவில் நான் சுகம். நீயும் பச்சைப்பிள்ளையும் அத்தையும் சுகந்தானே?

இங்கே ஒரு வேடிக்கை. மீன் பைத்தியமான எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சின்னத்துரை, ஆற்றில் விரல் நீள மீன் ஒன்று பிடித்தார். சிவந்த விலாவில் கறுப்புக் கோடு. எந்தப் புத்தகத்திலும் இல்லாத புது இனமாம். ஸ்பிரிட்டில் போட்டால் நிறம் போய்விடும் என்று, உயிரோடு இருக்கும்போதே அதை வரையும்படி என்னிடம் சொன்னார். ஆபீசில் படம் போடத் தெரிந்தவன் நான்தானே. செதில் செதிலாகப் பார்த்ததில் அதன்மேல் பாசம் வந்துவிட்டது.

"ஆத்துல விட்டுறலாங்களா, தொரை?" என்று கேட்டேன்.

"பேர் வைக்கணும்னா இது சாகணும், உடம்பை மியூசியத்துக்கு அனுப்பணும்" என்றார்.

நானே போத்தலில் போட்டேன். அது கண்ணாடியை முட்டி முட்டி அடங்கும்வரை மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேறென்ன செய்ய?

பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு லீவும் கேட்டுப் பார்த்தேன். கொழுந்து கூடின மாதம், முடியாது என்றுவிட்டார். சாமியாரைக் காக்கவைக்காதே. பெயரை நீயே சொல்லிவிடு. இங்கே குளிர் அதிகம், யாராவது வந்தால் என் பழைய போர்வையைக் கொடுத்தனுப்பு. மகள் யார் சாடை? என்ன பெயர் வைத்தாய் என்று உடனே எழுது, கூப்பிட்டுப் பார்க்கவேண்டும். தபால் பை கட்டுகிறார்கள்.

உன் கணவன்,
பத்திநாதன்